சொந்தக் கதவுக்கு முன்னால் ஒரு வாடகைத் தெரு

மாதம் 5,500 ரூபாய் வாடகைக்குத் திருவனந்தபுரத்தில் எப்படிப்பட்ட வீடு கிடைக்கும்? 2022ஆம் ஆண்டின் பிற்பகுதியில் இது நகரத்தின் அரசியல் கேள்வியாகவே மாறியிருந்தது. வலியதுறைக் கடற்கரையில் அலை வீட்டைக் கொண்டுபோன பிறகு பள்ளிக்கூட வகுப்பறைகளிலும் சிமென்ட் கிடங்கிலும் ஆண்டுக்கணக்கில் தங்கியிருந்தன சில நூறு மீனவக் குடும்பங்கள். நிரந்தர வீடு கிடைக்கும்வரை வாடகைக்குக் குடியிருக்க அவர்களுக்குக் கேரள அரசு அறிவித்த தொகை அது. லத்தீன் கத்தோலிக்க உயர்மறைமாவட்டத்தின் தலைமையில் விழிஞ்ஞம் துறைமுக வாசலில் மீனவர்கள் நடத்திய போராட்டம் ஏழு கோரிக்கைகளை வைத்தது. வாடகை 8,000 ரூபாயாவது வேண்டும் என்று கேட்டார்கள். டிசம்பர் 6ஆம் தேதி போராட்டம் முடிந்தபோது தொகை 5,500இலேயே நின்றது.

2025 ஆகஸ்டில் நகரத்தின் முட்டத்தறைப் பகுதியில், 8 ஏக்கர் நிலத்தில் எழுந்த அடுக்ககங்களில் 332 வீடுகளின் சாவிகளை முதலமைச்சர் பினராயி விஜயன் கடலோரக் குடும்பங்களிடம் கொடுத்தார். ஒரு கட்டடத்துக்கு 8 வீடு என்று மொத்தம் 400 வீடுகளுக்கான திட்டம். இந்த 332 அதன் முதல் கட்டம். அதற்கு முன்பே, இதே முட்டத்தறையில் 2018இல் 192 வீடுகள் கொடுக்கப்பட்டிருந்தன. இரண்டு படுக்கையறை, கூடம், சமையலறை. அலை வந்து தட்டாத கதவு.

சாவி வாங்குகிற புகைப்படம் மறுநாள் நாளிதழ்களில் வரும். அதற்கு முந்தைய வாடகைக் காலத்துக்குப் புகைப்படம் இல்லை. ஆனால் ஒரு குடும்பம் நகரத்தில் வாழக் கற்றுக்கொள்வது பெரும்பாலும் அந்தக் காலத்தில்தான். பால் எங்கே கடனுக்குக் கிடைக்கும், இரவில் காய்ச்சல் கண்ட பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எந்த ஆட்டோக்காரரை எழுப்பலாம், மூன்று மணிக்குக் கடலுக்குப் போகிறவர் சாவியை யார் வீட்டில் விட்டுப் போகலாம் என்பதெல்லாம் வாடகைத் தெரு சொல்லித் தரும் பாடங்கள். சொந்த வீட்டுக்குப் போகும்போது பாத்திரம் பண்டம் எல்லாம் வண்டியில் ஏறும். இவை ஏறா.

இந்தியாவில் நகர்ப்புறக் குடும்பங்களில் 27.5 சதவீதம் வாடகைக்குக் குடியிருப்பதாக 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு சொன்னது. கேரளம் இதில் வேறு மாதிரி. அங்கே ஏறத்தாழப் பத்தில் ஒன்பது குடும்பங்கள் சொந்த வீட்டில் இருப்பவை. தறவாடு, தோட்டம், கிணறு என்று வளர்ந்த சமூகத்தில் வாடகைக்காரர் சிறுபான்மை. அதே கணக்கெடுப்பு, கேரளத்தில் ஏறத்தாழ 12 லட்சம் வீடுகள் ஆளில்லாமல் கிடப்பதாகவும் காட்டியது. வளைகுடாவிலும் அமெரிக்காவிலும் வேலை பார்ப்பவர்கள் ஊரில் கட்டிப் பூட்டி வைத்த வீடுகள் அவற்றில் கணிசம். பூட்டிய வீடுகள் ஒரு பக்கம், 5,500க்குள் ஓர் அறை தேடுகிறவர்கள் மறுபக்கம் என்ற நிலை தலைநகரத்தில் சாதாரணமாகப் பார்க்கக் கிடைப்பது.

திருவனந்தபுரத்தில் வாடகை வீடு என்றால் தமிழர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது சாலையும் கரமனையும்தான். திருவிதாங்கூரின் திவான் ராஜா கேசவதாஸ் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் உருவாக்கிய சாலைக் கடைத்தெருவுக்குத் திருநெல்வேலிச் சீமையிலிருந்தும் நாஞ்சில் நாட்டிலிருந்தும் வியாபாரிகள் வந்து சேர்ந்தார்கள். 1956 நவம்பர் 1இல் மாநில எல்லை மாறி, கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டுக்குப் போன பிறகும் கடைகள் அங்கேயே இருந்தன. கடைக்குப் பின்னாலோ மாடியிலோ பக்கத்துச் சந்திலோ குடித்தனம். அந்தத் தெருவிலேயே கடை வைத்திருந்த ஆ. மாதவன் (1934–2021) தமிழில் எழுதிய கதைகளில் சாலையின் சுமட்டுக்காரர்களும் வியாபாரிகளும் ஒண்டிக் குடித்தனக்காரர்களும் நிறைந்திருக்கிறார்கள். ‘கிருஷ்ணப் பருந்து’ நாவலே ஒரு தோட்டத்தின் உரிமையாளரையும் அங்கே குடியிருப்பவர்களையும் சுற்றித்தான் நகர்கிறது. வீட்டுக்காரருக்கும் குடியிருப்பவருக்கும் நடுவில் வாடகையைத் தவிர வேறு எத்தனை கொடுக்கல் வாங்கல் உண்டு என்பதை அறிய அதைவிடப் பொருத்தமான புத்தகம் தேட வேண்டியதில்லை.

கரமனை, வலியசாலை, கோட்டைக்குள் இருக்கும் அக்ரகாரங்களின் கதை இன்னும் பழையது. கோவில் பணிக்கும் அரண்மனை உத்தியோகத்துக்கும் வந்த தமிழ்ப் பிராமணர்களின் தெருக்கள் இவை. வீட்டுக்கு வீடு சுவர் பொது. வாசலில் திண்ணை, அதைத் தாண்டினால் தெரு. தெருவில் நின்றால் வாசற்கதவிலிருந்து கொல்லைப்புறம் வரை ஒரே நேராகத் தெரியும். பக்கத்து வீட்டில் கடுகு தாளித்தால் இங்கே தும்மல் வரும். ஒரே வீட்டை இரண்டு மூன்று பாகங்களாகப் பிரித்து வாடகைக்கு விடுவதும் இங்கே நடந்து வந்ததுதான்.

இந்தத் தெருவிலிருந்து கிளம்பும் குடும்பம் முதல் வீட்டைக் கட்ட எங்கே போகும்? நகரத்துக்குள் நிலம் கைக்கு எட்டாது. திருமலை, பேயாடு, மலையின்கீழ் என்று மேற்கொண்டு கிழக்கே போக வேண்டும். அங்கே நிலம் செண்டுக் கணக்கு. ஒரு செண்டு என்பது 435.6 சதுர அடி. மூன்று செண்டோ ஐந்து செண்டோ வாங்கி, கட்டட விதிப்படி முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் இடம் விட்டு, சுற்றுச்சுவர் எழுப்பி, இரும்புக் கேட் போட்டால் வீடு தயார். சுவரோடு சுவர் ஒட்டிய தெருவில் வளர்ந்தவர்கள் முதன்முறையாக நாலு பக்கமும் காற்று வரும் வீட்டுக்குப் போகிறார்கள். கிணறு சொந்தம், தென்னை சொந்தம், மழை நின்றபின் மொட்டை மாடி சொந்தம். அது பெரிய மகிழ்ச்சி. அதைக் குறைத்துச் சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. ஆனால் திண்ணை போய் கேட் வந்ததும் பக்கத்து வீட்டோடு பேசும் விதமே மாறிவிடுகிறது. முன்பு வாசல் தெளிக்கும்போது தானாக நடந்த பேச்சுக்கு இப்போது காலிங் பெல் அடிக்க வேண்டியிருக்கிறது. அக்ரகாரங்களில் மிஞ்சியிருப்பவர்களில் முதியவர்கள் அதிகம் என்பதற்கு வேலை தேடிப் போன பிள்ளைகள் மட்டும் காரணமில்லை. நிலத்தின் விலையும் கட்டட விதியும் சேர்ந்து அந்த அமைப்பிலான தெருவை இன்னோர் இடத்தில் மறுபடி உருவாக முடியாமல் செய்துவிட்டன.

கும்ப மாதத்தில் ஆற்றுகால் பொங்காலை வரும்போது சொந்தம், வாடகை என்ற வேறுபாடு ஒரு நாள் மறைந்துபோகும். கிள்ளியாற்றங்கரையில் இருக்கும் ஆற்றுகால் பகவதி கோவிலைச் சுற்றிப் பல கிலோமீட்டர் தூரத்துக்குச் சாலையோரம் முழுக்கச் செங்கல் அடுப்புகள். 2009இல் 25 லட்சம் பெண்கள் பொங்கலிட்டதாகக் கின்னஸ் சாதனைப் பதிவு இருக்கிறது. மணக்காடு, கிழக்கேகோட்டை, சாலை, கரமனை எங்கும் வீட்டு வாசல்களில் முன்பின் தெரியாத பெண்கள் அடுப்பு மூட்டுவார்கள். அவர்களுக்குத் தண்ணீர் கொடுப்பதும் கழிவறையைத் திறந்து விடுவதும் அந்த வீட்டில் யார் இருக்கிறார்களோ அவர்கள் பொறுப்பு. வீடு சொந்தமா வாடகையா என்று யாரும் கேட்பதில்லை. ஆண்டுக்கு ஒரு நாள் வாடகைக்காரரும் அந்த வாசலுக்கு உரிமையாளர்.

மற்ற நாட்களில் அந்த உரிமை காகிதத்தில்தான் தங்கியிருக்கிறது, அந்தக் காகிதமோ பெரும்பாலும் பதினொரு மாதத்துக்கு உரியது. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்ய வேண்டும் என்று 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம் சொல்வதால், பதிவுச் செலவைத் தவிர்க்க நாடெங்கும் பழகிப்போன வழி இது. காகிதம் பதினொரு மாதம், குடியிருப்பு பதினைந்து வருடம் என்று வாழ்ந்தவர்கள் இந்த நகரத்தில் நிறையப் பேர். கேரளத்தில் 1965ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் ஓரளவு பாதுகாப்பு தருகிறது: வாடகை பாக்கி, வீட்டுக்காரருக்கே உண்மையான தேவை என்பது போன்ற சட்டம் சொல்லும் காரணங்களைக் காட்டி நீதிமன்றம் போனால்தான் வெளியேற்ற முடியும். நடைமுறையில், ‘மகனுக்குக் கல்யாணம், வீடு வேணும்’ என்று ஒரு வார்த்தை வந்தாலே பெட்டி கட்டுகிறார்கள். சட்டப் புத்தகத்தைக் காட்டி வீட்டுக்காரரோடு மல்லுக்கு நிற்பதைவிட முகம் கோணாமல் விலகுவதே பெரும்பாலானவர்களின் பழக்கம்.

முதல் வீட்டுக்குப் பணம் சேரும் விதத்திலும் வாடகைத் தெருவுக்குப் பங்கு உண்டு. கேரளத்தில் வீட்டுக் கனவின் பின்னால் அடிக்கடி இருப்பது ‘சிட்டி’ என்னும் ஏலச்சீட்டு. 1969இல் தொடங்கிய அரசு நிறுவனமான கே.எஸ்.எஃப்.இ.யின் கிளையில் மாதாமாதம் தவணை கட்டி, தேவைப்படும் மாதத்தில் தள்ளி எடுத்து, நிலத்துக்கு அட்வான்ஸ் கொடுப்பார்கள். இன்னொரு பக்கம் 1998இல் தொடங்கிய குடும்பஸ்ரீயின் அயல்கூட்டங்கள். பத்து முதல் இருபது வீட்டுப் பெண்கள் வாரம் ஒருமுறை கூடிச் சிறுசேமிப்பு போட்டு, தங்களுக்குள் கடன் கொடுத்துக்கொள்ளும் அமைப்பு. பெயரே சொல்வதுபோல, அது அயல் வீடுகளால் ஆனது. சேமித்தவர் வீடு கட்டி வேறு வார்டுக்குப் போகிறார் என்றால், எந்தக் கூட்டம் அவருக்கு அந்த வீட்டைக் கட்டக் கைகொடுத்ததோ அதிலிருந்தே விலக வேண்டியிருக்கும். புதிய இடத்தில் ஓர் அயல்கூட்டத்தில் சேரலாம்தான். ஆனால் பத்துப் பெண்கள் ஒருவரையொருவர் நம்பி ஜாமீன் நிற்கும் நிலைக்கு வரச் சில வருடம் ஆகும்.

செலவு என்று பார்த்தால் ஒரு கணக்கு உறுத்துகிறது. கேரளத்தில் சொத்துப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 8 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 40 லட்ச ரூபாய் மதிப்புக்கு வீடு வாங்கினால் 4 லட்சம் அரசுக்குப் போகும். லைஃப் மிஷன் திட்டத்தில் வீடில்லாத பொதுப் பிரிவுக் குடும்பத்துக்கு ஒரு முழு வீடு கட்ட அரசு தரும் தொகையும் 4 லட்சம்தான். ஒத்திக்கு வீடு எடுத்து, கொடுத்த மொத்தப் பணம் திரும்பி வந்ததும் அதை நிலத்தில் போடலாம் என்று பத்து வருடம் கணக்குப் போட்டு வாழ்ந்த நடுத்தரக் குடும்பத்துக்கு இந்தப் பத்து சதவீதம் பெரிய சுமை.

வாடகைக்கு வந்து, வாடகைக்காரராகவே இருந்து, இந்த நகரத்தைத் தன்னுடையதாக்கிக்கொண்டவர்களும் உண்டு. ராமேஸ்வரத்திலிருந்து வந்த அப்துல் கலாம், தும்பாவில் வேலை பார்த்த காலத்தில் இந்திரா பவன் லாட்ஜில் ஓர் அறையில் தங்கியிருந்தார். பின்னாளில் குடியரசுத் தலைவராகத் திருவனந்தபுரம் வந்தபோது, பழைய நாட்களில் தனக்குச் செருப்பு தைத்தவரையும் சாப்பாடு போட்ட சிறிய ஓட்டல்காரரையும் ராஜ்பவனுக்கு விருந்தினராக அழைத்தார் என்பது பலமுறை எழுதப்பட்ட செய்தி. தும்பாவிலேயே இன்னொரு குடிபெயர்வும் நடந்தது. 1963 நவம்பர் 21இல் முதல் ராக்கெட் அங்கிருந்து கிளம்புவதற்காகப் பள்ளித்துறை மீனவ மக்கள் தங்கள் வீடுகளையும் மகதலேனா மரியாள் தேவாலயத்தையும் விட்டுக்கொடுத்தார்கள். தேவாலயம் இப்போது விண்வெளி அருங்காட்சியகம். நாட்டுக்காகக் கரையை விட்டு நகர்ந்த கடலோர மக்களின் அந்த வரலாறு இந்நகரத்தில் இன்னும் போதிய அளவு சொல்லப்படவில்லை.

மீண்டும் வலியதுறைக்கு வரலாம். ஒரு காலத்தில் திருவிதாங்கூரின் துறைமுகம் அது. 1956இல் கட்டிய கடற்பாலம் அலை மோதி மோதித் தளர்ந்து, 2021இல் ஒரு பகுதி தாழ்ந்து, 2024 மார்ச்சில் இடிந்து விழுந்தது. கான்கிரீட் பாலத்தையே உடைத்த கடல் கரையோர வீடுகளை விட்டு வைக்குமா? கரை ஏன் இப்படிக் கரைகிறது என்பதில் சண்டை ஓயவில்லை. கரைக்கு இணையாகத் தெற்கு வடக்காக நகரும் மணலை அலைத்தடுப்புச் சுவர் வழிமறித்தால், ஒரு பக்கம் மணல் சேரும், மறுபக்கம் கரை அரிக்கும். இது கடற்கரைப் பொறியியலின் அடிப்படைப் பாடம். 2015 டிசம்பரில் வேலை தொடங்கிய விழிஞ்ஞம் துறைமுகமே தங்கள் கரையைத் தின்றது என்கிறார்கள் மீனவர்கள். துறைமுகத் தரப்பும் அரசும் அதை ஏற்கவில்லை. 2017 நவம்பர் இறுதியில் வந்த ஒகி புயலையும், அதன்பின் ஆண்டுதோறும் முரட்டுத்தனம் கூடும் பருவமழைக் கடலையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

அரசின் பதில் ‘புனர்கேஹம்’. உயர் அலைக்கோட்டிலிருந்து 50 மீட்டருக்குள் வாழும் 18,685 குடும்பங்களைப் பாதுகாப்பான இடத்துக்கு மாற்ற 2,450 கோடி ரூபாய்த் திட்டம். தனியாக இடம் வாங்கிக் கட்டுகிறவர்களுக்கு நிலத்துக்கு 6 லட்சம், வீட்டுக்கு 4 லட்சம், ஆகப் பத்து லட்சம். திருவனந்தபுரம் நகர எல்லைக்குள் 6 லட்சத்துக்கு மூன்று செண்டு வாங்குவது என்பது, விலை தெரிந்த எவரும் உதட்டைப் பிதுக்கிவிடும் விஷயம். அதனால் இந்தப் பணத்தோடு வீடு தேடுகிறவர்கள் கடலை விட்டு உள்ளே போகப் போகத்தான் முடியும்.

கடலோரத் தொழிலாளிக்குத் தூரம் என்பது கூலியிலிருந்து வெட்டப்படும் தொகை. வள்ளம் தள்ளுகிறவர் விடியுமுன் கரையில் நிற்க வேண்டும். கரமடி வலையைக் கரையிலிருந்து இழுக்க ஆள் கூப்பிட்டால் நடந்து போய்ச் சேரும் தூரத்தில் இருக்க வேண்டும். கடல் எப்படி இருக்கிறது என்று வாசலில் நின்றே நிறம் பார்த்துச் சொல்கிறவர்கள் அவர்கள். வலையும் இன்ஜினும் வைக்க இடம் வேண்டும். மூன்றாம் மாடியில் அது முடியாது. மீன் விற்கும் பெண்களுக்கோ அலுமினியச் சருவத்தோடு பேருந்தில் ஏறுவதே போராட்டமாக இருந்தது. அதற்காகத்தான் 2021இல் கேரள அரசுப் போக்குவரத்துக் கழகம் மீன் விற்கும் பெண்களுக்கு மட்டுமான ‘சமுத்ரா’ என்ற இலவசப் பேருந்துகளை விட்டது. சின்ன ஏற்பாடுதான். ஆனால் வீட்டுக்கும் தொழிலுக்கும் நடுவில் இருக்கும் சாலையை யாரோ ஒருவர் யோசித்திருக்கிறார் என்பதற்கு அது சாட்சி.

அதைவிட முழுமையாக யோசித்தவர் ஒருவர் இதே கரையில் இருந்தார். பர்மிங்ஹாமில் பிறந்து, திருவனந்தபுரத்தையே தன் ஊராக்கிக்கொண்டு, 2007இல் அங்கேயே மறைந்த கட்டடக் கலைஞர் லாரி பேக்கர், 1970களின் நடுவில் பூந்துறையில் மீனவர்களுக்காக வீடுகள் கட்டினார். நேர்வரிசையில் அடுக்குவதுதான் எளிது, மலிவு. அவர் அப்படிச் செய்யவில்லை. ஒவ்வொரு வீட்டையும் அடுத்த வீட்டிலிருந்து சற்றே தள்ளி வைத்தார். அதனால் பின்னால் இருக்கும் வீட்டுக்கும் கடற்காற்று வந்தது, கடலும் தெரிந்தது. இடையில் கிடைத்த முற்றங்களில் வலை உலர்ந்தது, பிள்ளைகள் விளையாடினார்கள். வீடு கட்டும்போதே தெருவையும் சேர்த்துக் கட்டினார் அவர்.

1985இல் பேக்கர் வழியில் தொடங்கிய கோஸ்ட்ஃபோர்டு அமைப்பு, சாலைக் கடைத்தெருவுக்கு அருகே கரிமடம் குடிசைப் பகுதியில் செய்ததும் அதே சிந்தனையின் தொடர்ச்சி. சாலையை நம்பிப் பிழைக்கும் குடும்பங்களை நகரத்துக்கு வெளியே அனுப்பாமல், இருந்த இடத்திலேயே கட்டம் கட்டமாக அடுக்கு வீடுகள் எழுப்பப்பட்டன. குடிசை போனது, பக்கத்து வீட்டுக்காரரும் பிழைப்பும் பள்ளிக்கூடமும் போகவில்லை. வேலை மெதுவாக நடந்தது, நிதி பலமுறை இழுத்தடித்தது என்பதும் உண்மை. ஆனாலும் கேரளத்தின் மற்ற வீட்டுத் திட்டங்கள் கவனமாகப் படிக்க வேண்டிய உதாரணம் அது.

சொந்தப் பணத்தில் வீடு கட்டிக் கிளம்புகிறவர்களுக்கு ஒரு வசதி இருக்கிறது: எங்கே போவது என்பதை அவர்களே முடிவு செய்யலாம். நிலம் பார்க்கும்போது கிணற்று நீரையும் பாதை அகலத்தையும் பத்திரத்தையும் பார்ப்பவர்கள், காலை எட்டு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் அந்த வழியாக ஒருமுறை போய்ப் பார்ப்பது நல்லது. வீட்டில் இருக்கும் முதியவர் நடந்துபோய்ப் பேச ஓர் ஆள் உண்டா, கடை உண்டா, கோவிலோ தேவாலயமோ பள்ளிவாசலோ வாசகசாலையோ உண்டா என்பதையும் விசாரிக்க வேண்டும். நகரத்தில் சந்துக்குச் சந்து குடியிருப்போர் சங்கங்கள் இருக்கின்றன. கதவில் ஒட்டிய சங்க எண்தான் பல வீடுகளுக்கு முகவரி. அந்தச் சங்கத்தின் ஓணக் கொண்டாட்டத்துக்கு, புதுவீட்டில் பால் காய்ச்சுவதற்கு முன்பே ஒருமுறை போனால் புதிய தெரு பாதி பழகிவிடும். பழைய வீட்டுக்காரரிடமிருந்து அட்வான்ஸைத் திரும்ப வாங்குவது, ரேஷன் கார்டையும் வாக்காளர் பட்டியலையும் மாற்றுவது, மின்கட்டணத்தைத் தீர்ப்பது எல்லாம் எப்படியும் நடக்கும்.

அரசு வீட்டுக்காகக் காத்திருப்பவர்களுக்கு அந்தத் தேர்வு கிடையாது. அதனால்தான் அவர்களுக்காக இடம் தேடுகிறவர்களின் பொறுப்பு இரட்டிப்பாகிறது. புனர்கேஹம் பட்டியலில் உள்ள 18,685 குடும்பங்களில் அடுத்தடுத்து வீடு பெறப்போகிறவர்களின் கோப்பில், சதுர அடிக் கணக்கோடு இன்னும் சில கேள்விகளும் இருக்க வேண்டும். கரைக்கு எத்தனை நிமிட நடை? விடியுமுன் அங்கே போக என்ன வண்டி? வலையும் இன்ஜினும் வைக்கக் கரையில் பொதுக் கொட்டகை உண்டா? மீன் கொண்டுபோகும் பெண்களுக்கான பேருந்து அந்தக் குடியிருப்பின் வாசலுக்கு வருமா? பிள்ளைகள் பள்ளிக்கூடத்தை நடுவருடத்தில் மாற்ற வேண்டியிருக்குமா? ஒரே கரையில் ஒரே வள்ளத்தில் போகிற குடும்பங்களை ஒரே கட்டடத்தில் சேர்த்து வைக்க முடியுமா? ஒரு கட்டடத்தில் எட்டு வீடு இருக்கிறது. ஒதுக்கீட்டுக்குச் சீட்டு எடுப்பதற்கு முன்பே குடும்பங்களிடம் யார் யாரோடு சேர்ந்து இருக்க விரும்புகிறார்கள் என்று கேட்டுவிடலாம். அதற்குக் கூடுதலாக ஒரு செங்கல்கூடத் தேவைப்படாது.